ரப்பர் கணக்கும் விம்மும்: ஒரு பழைய தட்டச்சுக்காரியின் செய்முறைக் குறிப்பு

விம் என்பது டெக்ஸ்ட் ஃபைல்களை எழுதித் திருத்துகிற ஒரு மென்பொருள். அதில் நான் அடித்த முதல் சொல் குலசேகரம். ஆங்கில எழுத்தில்தான். கே, யு, எல், ஏ என்று விரல் வழக்கமான வேகத்தில் ஓடி முடித்தது. நிமிர்ந்து பார்த்தால் திரையில் 'சேகரம்' மட்டும் இருக்கிறது. குலத்தைக் காணோம்.

ஏன் அப்படி ஆனது என்று புரிய இரண்டு நாள் பிடித்தது. விம் திறந்தவுடன் நாம் எழுதுவதற்காக அது காத்திருப்பதில்லை, கட்டளைக்குத்தான் காத்திருக்கிறது. கே என்றால் ஒரு வரி மேலே போ. யு என்றால் கடைசியாகச் செய்ததைத் திருப்பிவிடு. எல் என்றால் வலப்பக்கம் ஓரெழுத்து நகரு. ஏ என்றால் கர்சருக்கு அடுத்த இடத்திலிருந்து எழுத ஆரம்பி. ஆக, நாலாவது விசையில்தான் கதவு திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எழுத்துகள் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன.

எனக்கு ஊர் தக்கலைப் பக்கம். 1993ல் மார்த்தாண்டத்தில் டைப்ரைட்டிங் படித்தேன். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே' என்று ரெமிங்டன் மெஷினில் தாள் தாளாக அடித்துத் தள்ளிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. தமிழ் மெஷினில் அதே விரலுக்கு 'யளனகபக'. பிறகு டிடிபி, ஜெராக்ஸ் என்று ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். இப்போது வீட்டிலிருந்தே பிழை திருத்தும் வேலை.

விம் எனக்குத் தேவைப்பட்டது அண்ணனால். அவருக்குக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடை. ஒட்டுப்பாலும், அதாவது மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ரப்பர் பாலும், எடுப்பார். 2013லிருந்து கணக்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது; நடுவில் இரண்டு மூன்று வருடம் நானே போய் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறேன். போன வருடம் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதிலிருந்து மீட்டு எடுக்க முடிந்தது ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான். 11,482 வரி. ஒவ்வொரு வரியிலும் தேதி, ஊர், ஷீட் எத்தனை கிலோ, ஒட்டுப்பால் எத்தனை கிலோ, விலை, தொகை, இடையிடையே காற்புள்ளி.

எக்ஸெல்லில் திறந்து பார்த்தேன். 5/6/19 என்பதை மே 6 ஆக எடுத்துக்கொண்டது. 13/6/19 வந்ததும், அப்படி ஒரு மாதமே இல்லை என்று தேதியாகவே எடுக்காமல் விட்டுவிட்டது. பாதித் தேதி புரண்டு, பாதித் தேதி அப்படியே. சில வருடத்து வரிகளில் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வேறு. ஊர்ப்பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திற்பரப்பு ஒன்றுதான், ஃபைலில் திர்பரப்பு, திருப்பரப்பு, திற்ப்பரப்பு என்று நாலு ஊராகப் பிரிந்து கிடந்தது.

ஓண லீவுக்கு வந்த அக்கா மகன் இதைப் பார்த்தான். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவன். "சித்தி, உங்களுக்கு விம்தான் சரிப்படும். கீபோர்டைப் பாக்காம அடிக்கிற ஆளுல்லா நீங்க" என்றான். என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டான். மீதியெல்லாம் போனில்தான். அவன் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதிக்கொண்டேன்: 'கோலன் டபிள்யூ, எண்டர்.' அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கட்டளைகளும் நான் எழுதிவைத்த மாதிரியே வருகின்றன.

வெளியே வருவது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் மாட்டுகிறார்கள். எஸ்கேப் ஒருமுறை; எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப அதுதான் விசை. சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை. பிறகு கோலன், க்யூ, எண்டர். மாற்றங்களைச் சேமித்துவிட்டு வெளியேற கோலன் டபிள்யூ க்யூ. செய்தது எதுவும் வேண்டாம், விட்டால் போதும் என்றால் கோலன் க்யூ, ஆச்சரியக்குறி. முதல் வாரம் நான் அதிகம் அடித்தது அந்த ஆச்சரியக்குறியைத்தான்.

"சித்தி, எஸ்கேப் அடிச்சியளா?"

"அடிச்சேன் மக்ளே."

"கீழ இடது மூலையில என்ன எழுதியிருக்கு?"

"இன்செர்ட்னு இருக்கு."

"அப்போ அடிக்கல. இன்னொருக்க அடிங்க."

இன்செர்ட் என்று இருந்தால் விம் இன்னும் எழுதும் நிலையில்தான் நிற்கிறது. அடித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணை எடுக்காமல் அடிக்கிறவளுக்கு எஸ்கேப் ஒரு தண்டனை. இடது சுண்டுவிரல் 'ஏ'யை விட்டுவிட்டு மூலைக்கு ஏற வேண்டும்; ஏறினால் திரும்பி வரும்போது இடம் தப்பும். கை வீட்டுவரிசையை விட்டு எழும்பினால் இன்ஸ்டிட்யூட்டில் ஸ்கேலால் ஒன்று விழும். அப்படிப் பழகின கை.

இந்த விசையை இவ்வளவு தூரத்தில் வைக்க யாருக்கு மனசு வந்தது என்று எரிச்சலாக இருந்தது. தேடிப் பார்த்ததில் குற்றம் விம்முடையது இல்லை என்று தெரிந்தது. விம்முக்கு மூத்தது வீ-ஐ. 1976ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்பவர் எழுதியது. அவர் பயன்படுத்திய டெர்மினல், அதாவது திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி, ஏடிஎம்-3ஏ. அந்தக் கீபோர்டில், இன்று டேப் இருக்கிற இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது. சுண்டுவிரலுக்குப் பக்கத்து வீடு. அதே கீபோர்டில் எச், ஜே, கே, எல் நான்கு விசைகளின் மேலும் அம்புக்குறி அச்சடித்திருந்தது. இன்றைக்கும் விம்மில் இடது, கீழ், மேல், வலது என்று நகர அந்த நான்கு விசைகள்தான். கீபோர்டு மாறிப்போயிற்று, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அந்த நான்கு விசைகளிலும் ஒரு சங்கடம் உண்டு. தட்டச்சு படித்தவர்களின் வலது ஆள்காட்டி விரல் ஜேயில் இருக்கும், எச் விசையில் அல்ல. விம்முக்காகக் கையை ஓரெழுத்து இடப்பக்கம் தள்ளி வைக்கச் சொன்னான் பையன். முடியாது என்றுவிட்டேன். முப்பது வருடமாக இருக்கிற வீட்டை ஒரு மென்பொருளுக்காகக் காலி செய்வதா? ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நான் எச்சையும் எல்லையும் தொடுவதே குறைவு. கீழே போக ஜே, மேலே போக கே, இரண்டும் விரலுக்கு அடியிலேயே இருக்கின்றன. பக்கவாட்டில் ஓரெழுத்தாக நகர்வது நேர விரயம். டபிள்யூ அடித்தால் அடுத்த சொல், பி அடித்தால் முந்தைய சொல். எஃப் அடித்துக் காற்புள்ளி அடித்தால் அந்த வரியில் அடுத்த காற்புள்ளியில் போய் நிற்கும்.

எஸ்கேப்புக்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு: லினக்ஸின் கீபோர்டு அமைப்பில் கேப்ஸ் லாக் விசையையே எஸ்கேப்பாக மாற்றிவிட்டேன். சுண்டுவிரல் இருந்த இடத்திலிருந்தே பக்கத்தில் தட்டினால் போதும். கேப்ஸ் லாக்கால் பட்ட ஒரு பாடும் இதற்குக் காரணம். ஒருநாள் அது அமுங்கிக் கிடந்தது தெரியாமல் ஜே ஜே ஜே என்று கீழே இறங்கினேன். பெரிய எழுத்து ஜேக்கு வேலை வேறு: அடுத்த வரியை இழுத்து இந்த வரியோடு ஒட்டிவிடும். நாலு பேருடைய ஷீட் ஒரே வரியில் தொங்கியது. பதறிப்போய் யு அடித்தேன். அதுவும் பெரிய எழுத்தாகப் போனது. பெரிய யு வேறு மாதிரித் திருப்பும், ஒரு வரியில் செய்தவற்றை மட்டும். என்ன நடக்கிறதென்றே தெரியாமல், கேப்ஸ் லாக்கை அணைத்த கையோடு கோலன் க்யூ ஆச்சரியக்குறி போட்டு வெளியே ஓடிவந்தேன். அணைத்த பிறகு சின்ன யுவை நாலைந்து தரம் அடித்திருந்தால் எல்லாம் திரும்பியிருக்கும். அவ்வளவு பொறுமை அப்போது இல்லை.

கை செய்த இன்னொரு சள்ளை, சேமிக்க கன்ட்ரோல் எஸ். டிடிபி காலத்துப் பழக்கம். விம் ஓடுவது லினக்ஸில் டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்துக்குள்; அங்கே அதை அடித்தால் திரை அப்படியே உறைந்துவிடும். எந்த விசைக்கும் பதில் கிடையாது. லேப்டாப் செத்துவிட்டது என்று இரண்டு முறை பவர் பட்டனை அமுக்கி அணைத்திருக்கிறேன். கன்ட்ரோல் க்யூ அடித்தால் எழுந்துகொள்ளும் என்று மூன்றாவது முறைதான் தெரிந்தது.

பயிற்சிக்கு விம்டியூட்டர் என்று ஒன்று கூடவே வருகிறது. டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால் பாடம் ஒரு ஃபைலாகத் திறக்கும்; அந்தப் பாடத்தையே திருத்தித் திருத்திப் பழக வேண்டும். அரை மணி நேரத்தில் முடிக்கலாம் என்று அதன் தலைப்பிலேயே போட்டிருக்கிறது. எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. பாடம் மோசமில்லை. ஆனால் இரண்டாவது பாடம் முடிந்ததுமே எனக்கு வேறொன்று பிடிபட்டுவிட்டது, அதன் பிறகு பாடத்தில் மனசு நிற்கவில்லை.

பிடிபட்டது அதன் இலக்கணம். டி என்றால் வெட்டு. சி என்றால் மாற்று. ஒய் என்றால் நகலெடு. இவையெல்லாம் வினை. டபிள்யூ என்றால் சொல், டாலர் குறி என்றால் வரிக் கடைசி, ஜி பெரிய எழுத்தில் என்றால் ஃபைலின் அடி. வினையோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் ஒரு வாக்கியம். டி டபிள்யூ: வெட்டு, சொல்லை. டி டாலர்: வெட்டு, வரிக் கடைசி வரை. சி ஐ டபிள்யூ: மாற்று, உள்ளே, சொல். நாம் 'சாயா குடி' என்போம்; இது 'குடி சாயா' என்கிறது. எனக்குத் தடுமாற்றம் எல்லாம் அங்கேதான். எதை வெட்டுவது என்று மனசு முதலில் பொருளைத்தான் பிடிக்கிறது, கை வினையை அடித்தாக வேண்டியிருக்கிறது.

தமிழ் வரிசைக்கும் வழி உண்டு. வி அடித்தால் விஷுவல் மோடு. கர்சரை நகர்த்தி வேண்டியதைக் குறித்துக்கொண்டு, பிறகு டி. சொல்லை வெட்டு. முதல் மூன்று வாரம் நான் அப்படித்தான் ஓட்டினேன். பையன் போனில், "அது சுத்து வழி சித்தி, நேர் வழிக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. 'சி ஐ டபிள்யூ' என்று ஒரு சொல்லை மாற்றிவிட்டு, அடுத்த இடத்துக்குப் போய் வெறும் புள்ளி விசையைத் தட்டினால் அதே திருத்தம் மறுபடி நடக்கும். விஷுவலில் குறித்துச் செய்தால் புள்ளி அதே அளவு எழுத்தை மட்டும் எடுக்கும். சொல் நீளமோ குட்டையோ அதற்குக் கவலையில்லை. புள்ளிக்காகத்தான் நான் குடி சாயாவுக்கு மாறினேன்.

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது தமிழ் எழுதுவதுதான்.

நான் இப்போது தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிவிட்டேன். அதில் எச், ஜே, கே, எல் இருக்கும் இடத்தில் வருபவை க, ப, ம, த. தமிழில் எழுதிவிட்டு எஸ்கேப் அடிக்கிறேன். விம் கட்டளை நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கீபோர்டு இன்னும் தமிழில்தான் இருக்கிறது. கீழே போக ஜேயைத் தட்டினால் விம்முக்குப் போய்ச் சேருவது 'ப'. விம்முக்கு ப என்று ஒரு கட்டளை கிடையாது. பேசாமல் நிற்கும். நானும் தட்டிக்கொண்டே இருப்பேன். ஒரு தவறு என்றால் கண்டுபிடித்துவிடலாம். எழுதும் நிலையா கட்டளை நிலையா, தமிழா ஆங்கிலமா என்று இரண்டு கேள்வி ஒன்றாகச் சேர்ந்தால் நாலு நிலை. நாலில் எதில் நிற்கிறோம் என்பது கண்ணை மூடி அடிக்கிறவளுக்குத் தெரியாது.

முதலில் செய்து பார்த்தது லேங்மேப் என்ற அமைப்பு. க வந்தால் எச் என்று எடுத்துக்கொள், ப வந்தால் ஜே என்று விம்முக்கே சொல்லிவைக்கலாம். நாலு எழுத்துக்கும் எழுதினேன். வேலை செய்தது, ஆனால் ஒரு விசை தாமதமாக. என் லேப்டாப்பில் தமிழ் உள்ளிடுவது ஐபஸ் என்ற மென்பொருள் வழியாக. க அடித்ததும் அது உடனே க என்று அனுப்பிவிடுவதில்லை. அடுத்து ஆ வந்து கா ஆகுமோ, எ வந்து கெ ஆகுமோ என்று கையில் வைத்துக் காத்திருக்கிறது. நான் ஜேயைத் தட்டினால் அது அடுத்த விசை வரும்போதுதான் விம்மிடம் போகிறது. ஒரு அடி பின்னாலேயே நடக்கிற ஆளோடு ஊர்சுற்றுவது மாதிரி. வெப்ராளம் வந்து அழித்துவிட்டேன்.

சரிப்பட்டு வந்தது வேறு. எழுதும் நிலையை விட்டு வெளியே வரும் அந்த நொடியில் ஏதாவது ஒரு வேலையைத் தானாகச் செய் என்று விம்மிடம் சொல்லிவைக்கலாம். அந்த நொடிக்கு அதன் அகராதியில் 'இன்செர்ட்லீவ்' என்று பெயர். அதில், ஐபஸ்ஸை ஆங்கிலத்துக்கு மாற்றும் கட்டளையை ஓட்டு என்று ஒரே ஒரு வரி, விம்முக்கான அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி ஃபைலில். அவ்வளவுதான். இனி எஸ்கேப் அடித்தால் இரண்டும் ஒரே தட்டில் மாறும்: கட்டளை நிலை, ஆங்கிலம். மறுபடி எழுதப் போகும்போது தமிழை நானே மாற்றிக்கொள்வேன், அது கைக்குப் பழக்கம். சாய்கோடு போட்டுத் தமிழில் எதையாவது தேடினால் மட்டும், தேடி முடிந்தபின் தமிழிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு 'சிஎம்டிலைன்லீவ்' என்ற நொடிக்கும் அதே வரியை எழுதிவைத்தேன். இதற்குப் பிறகுதான் விம்மில் தமிழ் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி வந்தது.

இரண்டு சின்ன விஷயம் இதோடு. தமிழ் எழுத்தின் மேல் நின்று எக்ஸ் அடித்தால் மெய்யும் குறியும் சேர்ந்து முழு எழுத்தாகப் போகிறது. 'ர்' மேல் நின்றால் புள்ளியோடு போகும். இது எனக்குப் பிடித்திருக்கிறது. கொம்பையோ புள்ளியையோ மட்டும் எடுக்க வேண்டுமென்றால் 'டெல்கம்பைன்' என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, டெர்மினலில் தமிழ் பார்க்க அழகாக இல்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம்; ணையும் னையும் கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்காருகின்றன. எழுத்தளவைப் பெரிதாக்கி ஓட்டுகிறேன். நீண்ட கட்டுரைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு வரிக்குப் போதும்.

இனி ரப்பர். ஊர்ப்பெயர் சீராக்கியது ஒரு காலைப்பொழுது. கோலன், சதவீதக் குறி, எஸ், சாய்கோடு, திர்பரப்பு, சாய்கோடு, திற்பரப்பு, சாய்கோடு, ஜி, சி. கடைசி சி மிக முக்கியம். ஒவ்வொரு இடத்திலும் நின்று மாற்றட்டுமா என்று கேட்கும். ஒய் என்றால் மாற்றும், என் என்றால் விட்டுவிடும். நாலு திற்பரப்பும் ஒன்றாகின. பேச்சிபாறைக்கு விட்டுப்போன ப் கிடைத்தது. அருமனை, கடையால், திருவட்டார் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

தேதிக்கு மேக்ரோ. க்யூ அடித்து ஏ அடித்தால் விம் நம் விசைகளை ஒன்று விடாமல் பதிய ஆரம்பிக்கும். மறுபடி க்யூ அடித்தால் பதிவு நிற்கும். அட் குறியும் ஏயும் அடித்தால் பதிந்ததை அப்படியே ஓட்டும். டேப்ரெக்கார்டர்தான். 12.6.19 என்பதை 2019.6.12 ஆக்க வேண்டும். முதல் பதிவில் 'வலப்பக்கம் இரண்டெழுத்து போ' என்று எல்லால் எண்ணி நகர்ந்திருந்தேன். 5.6.19 என்ற வரியில் நாள் ஒரே இலக்கம், எல்லாம் புரண்டது. இரண்டாவது பதிவில் எண்ணுவதை விட்டுவிட்டு, 'முதல் புள்ளி வரை வெட்டு, காற்புள்ளிக்குப் போ, அதற்கு முன் ஒட்டு' என்று எஃப் போன்ற விசைகளால் இடத்தைச் சொல்லிப் போனேன். எந்த வரிக்கும் பொருந்தியது.

11,482 என்று எண்ணை அடித்து மேக்ரோவை ஓட விட்டேன். ஓடி 312வது வரியில் நின்றுவிட்டது. அங்கே தேதியில் புள்ளிக்குப் பதில் சாய்கோடு. போகச் சொன்ன இடம் இல்லையென்றால் மேக்ரோ மொத்தமும் அங்கேயே முறிந்துவிடும். முதலில் கோபம்தான். யோசித்தால் நல்ல குணம். தெரியாத வரியைக் குதறாமல் நின்றதே. எல்லா வரியிலும் தனித்தனியாக ஓட்ட, 'கோலன், சதவீதக் குறி, நார்ம், இடைவெளி, அட், ஏ' என்று இன்னொரு வழி உண்டு. அப்படி ஓட்டினால் பொருந்தாத வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். சாய்கோட்டு வரிகளுக்கு இன்னொரு மேக்ரோ, பி என்ற பெயரில். பிறகு கோலன் சார்ட் போட்டு வரிசைப்படுத்தினால் 10ஆம் மாதம் 2ஆம் மாதத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஒற்றை இலக்கத்துக்கு முன் பூஜ்யம் போட மறந்துவிட்டேன். அதற்கு ஒரு அரைமணி.

நடுவே ஐப்பசி இடி. நம் பக்கத்தில் மதியம் மூன்று மணிக்குமேல் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ போய்விட்டது, நேரடி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. இன்னும் பத்து வரி என்று உட்கார்ந்திருந்தபோது ஒரு வெட்டு, கரண்ட் போனது.

ராத்திரி திறந்தால் திரை முழுக்க எச்சரிக்கை. வைரஸ் என்று பயந்து க்யூ அடித்து வெளியே வந்து பையனைக் கூப்பிட்டேன். அது சுவாப் ஃபைல். நாம் சேமிக்காவிட்டாலும் விம் பக்கத்திலேயே புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கிறது: 200 எழுத்து அடித்ததும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும். மறுபடி திறந்து ஆர் அடித்தேன். ரெக்கவர். கடைசியாக அடித்த அரை வரி தவிர எல்லாம் வந்தது. வேறு பெயரில் சேமித்துச் சரிபார்த்தேன். ஆனால் சுவாப் ஃபைல் தானாகப் போகாது. நாமே அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறையும் அதே எச்சரிக்கை. இதை எழுதிய பிராம் மூலெனார் 1991ல் முதல் விம்மை வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் காலமாகும் வரை அதைக் கவனித்துவந்தார். வெறும் விம் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி வரும், அவர் வைத்ததுதான். அன்று ராத்திரி அந்த வரியை முதல்முறையாக நின்று படித்தேன்.

எல்லாம் முடிந்தது என்று அண்ணனுக்கு ஊர்வாரியாகக் கூட்டி அனுப்பினேன். அடுத்த நாள் காலை, ரப்பர் பால் வெட்டு முடிகிற நேரத்துக்கே போன்.

"பிள்ளே, பொன்மனைக்காரங்களுக்க கணக்கு என்ன இவ்வளவு கொறஞ்சு கெடக்கு? பாதிகூட இல்லியே."

பொன்மனை என்று தேடினேன். எண்ணிக் காட்டச் சொன்னால் 214 இடம் என்றது. ஃபைலை உருட்டிப் பார்த்தால், தேடிய சொல்லெல்லாம் மஞ்சளாக நிற்க, நடுநடுவே மஞ்சள் பூசாத பொன்மனைகள். எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இடைவெளி கிடையாது, பிழை கிடையாது. கண்ணுக்கு ஒரே பொன்மனை.

விம்மில் ஜி ஏ என்று ஒரு கட்டளை உண்டு. கர்சர் நிற்கும் எழுத்து உள்ளே எந்த எண்களால் ஆனது என்று கீழே காட்டும். மஞ்சள் 'பொ'வின் மேல் நின்று அடித்தேன்: 2986, 3018. மஞ்சளில்லாத 'பொ'வில்: 2986, 3014, 3006. முதலாவது ப, அதோடு ஒற்றைக் குறியான ொ. இரண்டாவது ப, தனியாக ஒரு ஒற்றைக்கொம்பு, தனியாக ஒரு துணைக்கால். திரையில் இரண்டும் ஒரே மாதிரி விழும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு ஊர்.

அந்த வரிகளின் தேதியைப் பார்த்தேன். எல்லாம் 2016லிருந்து 2018 வரை. அண்ணன் கடையில் உட்கார்ந்து கணக்கு ஏற்றியது அந்த வருடங்களில் நான்தான். அப்போது பழைய தட்டச்சு முறையில்தான் அடிப்பேன். மெஷினில் பொ என்பது மூன்று தட்டு: கொம்பு, ப, கால். அந்த மென்பொருளும் கொம்பையும் காலையும் சேர்க்காமல் தனித்தனியாகவே வைத்திருந்திருக்கிறது. யளனகபக அடித்த கை, எட்டு வருடம் கழித்துப் பிடிபட்டது.

திருத்தம் எளிது. தவறான பொன்மனையின் மேல் கர்சரை வைத்து நட்சத்திரக் குறி. கர்சருக்கு அடியில் இருக்கும் சொல்லையே எடுத்துத் தேடும். நான் எதையும் தட்ட வேண்டியதில்லை, தட்டினால் சரியானதுதான் வரும், அது உதவாது. 391 இடம். பிறகு மாற்றும் கட்டளையில் தேடும் சொல்லைக் காலியாக விட்டுவிட்டால், கடைசியாகத் தேடியதையே எடுத்துக்கொள்ளும்: கோலன், சதவீதக் குறி, எஸ், சாய்கோடு, சாய்கோடு, பொன்மனை, சாய்கோடு, ஜி. தொடுவெட்டி, கொல்லங்கோடு இரண்டுக்கும் இதே. கொல்லங்கோட்டில் கொவும் கோவும் இரண்டுமே பிளந்து கிடந்தன.

பொன்மனை இப்போது 605. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

இன்னும் 37 வரி மிச்சம். அவற்றில் வருடமே இல்லை, நாளும் மாதமும் மட்டும். விம்மிடம் அதற்கு வழியில்லை. அண்ணன் கடை மச்சில் பழைய எடை நோட்டுகள் ஒரு சாக்கில் கிடக்கின்றன. மழை விட்டால் ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் போக வேண்டும்.